பதினெட்டு வயது முடிந்த மறுநாள்

கேள்வி: நானும் என் கணவரும் ஆறு வருடங்களாக ஒரு பையனை வளர்ப்புப் பராமரிப்பில் வைத்திருக்கிறோம். தத்து இல்லை, பெற்றவர்களிடமிருந்து எடுத்து அதிகாரிகள் எங்களிடம் வளர்க்கக் கொடுத்த பிள்ளை. எங்களிடம் வரும்போது அவனுக்குப் பதினொரு வயது. அதற்கு முன் மூன்று வீடுகளில் இருந்தவன். என்னைச் ‘சித்தி’ என்றுதான் கூப்பிடுவான். இன்னும் ஒன்பது மாதத்தில் பதினெட்டு முடிகிறது, அதோடு பராமரிப்பும் முடிந்துவிடும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் இப்போது வகுப்புக்கே சரியாகப் போவதில்லை. எதைச் சொன்னாலும் “எப்படியும் அனுப்பத்தானே போறீங்க” என்கிறான். போன வாரம் அறையைப் பெருக்கப் போனபோது துணிகளை எல்லாம் பையில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். அவனைப் பெற்ற அம்மா இப்போது ஃபோனில் பேசுகிறாராம். பதினெட்டு முடிந்ததும் அங்கே போய்விடுவேன் என்கிறான். ஒரு தங்கை இருக்கிறாள், வேறு ஒரு குடும்பத்தில் வளர்கிறாள். என் கணவர், “பிடித்து வைக்கக் கூடாது, சொந்தக் காலில் நிற்கப் பழகட்டும்” என்கிறார். இதற்கிடையே அவன் அறை காலியானால் இன்னொரு குழந்தையை எடுத்துக்கொள்ள முடியுமா என்று அதிகாரிகள் இப்போதே கேட்கிறார்கள். சமையல், வங்கிக் கணக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறேன். காதில் வாங்குவதே இல்லை. ஒன்பது மாதத்தில் இவனை எப்படித் தயார் செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்பது மாதத்தில் அவனைத் தயார் செய்துவிட முடியாது. உங்கள் கடிதம் முழுக்க அந்த அவசரம் தெரிவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றவர்களோடு வளரும் பிள்ளைகள் மட்டும் பதினெட்டாவது பிறந்தநாளன்று தயாராகிவிடுகிறார்களா? இருபத்தைந்து வயது வரை அவர்கள் வீட்டுக்கு வருவதும் போவதுமாகத்தான் இருக்கிறார்கள். வேலை போனால் திரும்பி வந்து தங்குகிறார்கள். வாடகை முன்பணம் குறைந்தால் அப்பாவிடம் கேட்கிறார்கள். காய்ச்சல் வந்தால் அம்மாவுக்கு ஃபோன் போகிறது. உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-ஆம் ஆண்டில், 18 முதல் 25 வரையிலான வயதை பதின்பருவத்துக்கும் முழு வளர்ச்சிக்கும் நடுவிலுள்ள தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று எழுதினார். விளைவுகளை எண்ணிப் பார்த்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி முதிர்ச்சியடைவதும் இருபதுகளின் நடுப்பகுதியில்தான்.

பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் அந்த ஏழெட்டு வருடங்கள் கிடைப்பதில்லை. இவர்களைப் பற்றிப் பல வருடங்கள் ஆராய்ந்த, பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக் ஸ்டைன், இவர்கள் பெரியவர்களாகும் பாதை சுருக்கப்பட்டும் வேகப்படுத்தப்பட்டும் இருக்கிறது என்கிறார். மற்றவர்கள் முதலில் படிப்பு, அப்புறம் வேலை, அப்புறம் தனி வீடு என்று ஒவ்வொன்றாகச் சமாளிப்பதை, இவர்கள் ஒரே சில மாதங்களுக்குள் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் மற்றவர்களைவிடச் சின்ன வயதில்.

ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்குள் அவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பதைவிட, பிறந்தநாளுக்கு மறுநாள் அவனுக்கு யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். சமையலும் வங்கிக் கணக்கும் அதற்குப் பிறகுதான். யாரும் இல்லாத பையனுக்கு எல்லா வேலையும் தெரிந்திருந்தாலும், முதல் சறுக்கலிலேயே தடுமாறிவிடுவான். ஆள் இருக்கிற பையன், வேலை தெரியாவிட்டால் ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்வான்.

பையில் அடுக்கி வைத்த துணிகளுக்கு வருகிறேன். கடிதத்தில் அதை நீங்கள் ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகப் படுகிறது. மூன்று வீடுகளிலிருந்து அனுப்பப்பட்டவன் அவன். அந்த மூன்று முறையும் அவனைக் கேட்டு யாரும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள். இப்போது நான்காவது முறை வருகிறது, இந்த முறை தேதி முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அனுப்பப்படும் வரை காத்திருப்பதைவிடத் தானே கிளம்பிவிட்டால் அந்த வலி குறையும் என்று அவன் மனம் கணக்குப் போடுகிறது. வகுப்புக்குப் போகாமல் இருப்பதும், எடுத்தெறிந்து பேசுவதும் அந்தக் கணக்கைச் சேர்ந்தவைதான். உங்களோடு சண்டை போட்டுவிட்டால் பிரிவது எளிதாகிவிடும். நல்ல உறவில் இருக்கும்போது பிரிவதுதான் கொடுமை. வளர்ப்புக் குடும்பங்களோடு வேலை செய்கிற எவரும் பதினேழு வயதில் இந்த மாற்றத்தைப் பார்த்திருப்பார்கள். நன்றி கெட்டதனமாகத் தோன்றும், ஆனால் அது பயம். உங்களை அவனுக்குப் பிடிக்காமல் போயிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

“எப்படியும் அனுப்பத்தானே போறீங்க” என்று அவன் சொல்வதை எதிர்ப்பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு கேள்வி. அதற்கு இதுவரை நீங்கள் பதில் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. “அப்படியெல்லாம் பேசாதே” என்று சொல்லியிருப்பீர்கள். அது பதில் ஆகாது. நீங்களும் உங்கள் கணவரும் முதலில் தனியாக உட்கார்ந்து, உண்மையில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று முடிவு செய்யுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து, சண்டை எதுவும் இல்லாத ஒரு நாளில் அவனிடம் சொல்லுங்கள். “நாங்க எப்பவும் உனக்கு இருப்போம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். முந்தைய வீடுகளில் யாராவது இதே வார்த்தைகளை அவனிடம் சொல்லியிருக்கக் கூடும். கையில் பிடித்துப் பார்க்கக் கூடிய வாக்குதான் அவனுக்குத் தேவை.

உதாரணமாக இப்படி: “உனக்குப் பதினெட்டு முடிஞ்சாலும் இந்த வீட்டுச் சாவி உன்கிட்டயே இருக்கட்டும். வேலைக்கோ காலேஜுக்கோ ஃபாரம் நிரப்பும்போது அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம் இருக்கும் பார், அதுல என் பேரைப் போடு. ஆஸ்பத்திரியில சேர்த்தா நாங்க வருவோம். எங்க இருந்தாலும் ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நான் உனக்கு ஃபோன் பண்ணுவேன், நீ எடுக்கலைன்னாலும் அடுத்த வாரமும் பண்ணுவேன். வேலை போய், தங்க இடம் இல்லாமப் போனா, இங்க வந்து தங்கிட்டு அடுத்ததைத் தேடு.” இதில் உங்களால் முடியாதது எதுவோ அதை விட்டுவிடுங்கள். மூன்று வாக்குகள் கொடுத்து மூன்றையும் காப்பாற்றினால் போதும். பத்து சொல்லி நான்கை விட்டுவிட்டால் அவன் அந்த நான்கை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பான்.

அந்த அவசரத் தொடர்புக் கட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பராமரிப்பிலிருந்து வெளியே வரும் இளைஞர்கள் பலருக்கு முதல் அடி விழுகிற இடம் அதுதான். புது வேலையில் சேரும் நாள், எல்லோரும் யோசிக்காமல் அம்மா பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது, இவர்கள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெயரும் ஒரு எண்ணும்தான். நீங்கள் கேட்காமலே அதைக் கொடுத்துவிடுங்கள்.

இதை எழுதி வைத்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக. அமெரிக்காவில், பராமரிப்பில் வளர்ந்தவர்களின் அமைப்பான ஃபாஸ்டர்கிளப், ‘பெர்மனன்சி பாக்ட்’ என்ற ஒப்பந்தப் படிவத்தை உருவாக்கியிருக்கிறது. இளைஞர் ஒருவரும் அவருக்குத் துணையாக இருக்கச் சம்மதிக்கும் பெரியவர் ஒருவரும் சேர்ந்து நிரப்புவது. விசேஷ நாட்களில் போய்த் தங்க ஒரு வீடு, துணி துவைத்துக்கொள்ள ஓர் இடம், வேலைக்கு விண்ணப்பிக்க உதவி என்று நாற்பத்தைந்து வகை உதவிகள் அதில் இருக்கின்றன. எது வேண்டும் என்று இளைஞர் சொல்கிறார், எது முடியும் என்று பெரியவர் சொல்கிறார். உங்கள் பையன் மாதிரி, வாய்ச்சொல்லை நம்பப் பழகாதவர்களுக்கு எழுத்தில் இருப்பது உதவுகிறது. கோபத்தில் கிழித்துப் போட்டாலும் போடுவான். ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் பக்கம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது புரிகிறது. தன் இளமையில் அவரும் அப்படித்தான் வளர்ந்திருக்கலாம். ஆனால் பிடித்து வைப்பதும், வாசலைத் திறந்து வைப்பதும் ஒன்றில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். இதில் நல்ல ஆதாரம் இருக்கிறது. மார்க் கோர்ட்னி என்ற ஆய்வாளரின் தலைமையில் அமெரிக்காவின் இல்லினாய், அயோவா, விஸ்கான்சின் மாநிலங்களில் பராமரிப்பிலிருந்து வெளியேறிய எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை, பதினேழு வயதில் தொடங்கி இருபத்தாறு வயது வரை இடைவெளி விட்டு விட்டுச் சந்தித்துக் கேட்டார்கள். அன்று இல்லினாயில் இருபத்தொரு வயது வரை பராமரிப்பில் தொடர முடிந்தது. மற்ற இரண்டு மாநிலங்களில் பெரும்பாலும் பதினெட்டோடு சரி. கூடுதலாகத் தங்கியவர்கள் கல்லூரிப் படிப்பில் சேர்வது அதிகமாகவும், வீடின்றித் தெருவுக்கு வருவது தள்ளிப்போவதாகவும் அந்த ஆய்வு காட்டியது. இருக்க இடம் கொடுத்ததால் அவர்கள் சோம்பேறிகளாகிவிடவில்லை. இதையும் அடிப்படையாக வைத்துத்தான் அந்த நாட்டில் சட்டம் மாறியது: 2008-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், மாநிலங்கள் விரும்பினால் இருபத்தொரு வயது வரை பராமரிப்பை நீட்டிக்க நிதி தருகிறது.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அது முக்கியம், ஏனென்றால் பதினெட்டோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதே உங்கள் ஊர்ச் சட்டப்படி தவறாக இருக்கலாம். இங்கிலாந்தில் 2014 முதல், பையனும் குடும்பமும் சம்மதித்தால் அதே வளர்ப்பு வீட்டில் இருபத்தொரு வயது வரை இருக்கும் ஏற்பாட்டுக்கு உள்ளாட்சி நிர்வாகம் ஆதரவு தர வேண்டும். 2017-ஆம் ஆண்டுச் சட்டம், இருபத்தைந்து வயது வரை ஒரு தனி ஆலோசகரின் உதவியைக் கேட்கும் உரிமையைத் தந்தது. ஸ்காட்லாந்தில் வெளியேறிய பிறகான உதவியை இருபத்தாறு வயது வரை கேட்கலாம். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பதினெட்டு முதல் இருபத்தொரு வயது வரையிலான பின்பராமரிப்பை, அதாவது வெளியேறிய பிறகான உதவியைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதன் வாசகம் குழந்தைகள் இல்லம் போன்ற நிறுவனப் பராமரிப்பை விட்டு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதனால் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். ஐ.நா. பொதுச்சபை 2009-இல் வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டி நெறிகள், வெளியேறுவதற்கான தயாரிப்பைக் கூடிய விரைவில் தொடங்க வேண்டும் என்றும், முடிந்தவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் இதற்கென்று ஒரு தனி ஆள் நியமிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கின்றன. உங்கள் பையனுக்கு அப்படி ஒருவர் உண்டா? அறை எப்போது காலியாகும் என்று கேட்கிற அதிகாரியிடம் இந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

இதே மாதத்தில் செய்ய வேண்டியது காகித வேலை. அலுப்பானதுதான், ஆனால் பதினெட்டுக்குப் பிறகு தனி ஆளாக அவன் அலைந்து வாங்க வேண்டியிருந்தால் எல்லாம் பல மடங்கு கடினமாகிவிடும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ்கள், தடுப்பூசி மற்றும் மருத்துவப் பதிவுகள், அவன் பராமரிப்பில் இருந்தான் என்பதற்கான கடிதம். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உதவித்தொகையும் சலுகைகளும் பெரும்பாலும் அந்த ஒரு தாளை நம்பித்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் பிறப்புச் சான்றிதழும் மருத்துவப் பதிவுகளும் அடையாள அட்டையும் கையில் கொடுக்காமல் இளைஞரை வெளியே அனுப்பக் கூடாது என்று 2014-இல் சட்டமே போட்டார்கள். அங்கே பதினான்கு வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை, பராமரிப்பில் உள்ள பிள்ளையின் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பல கைகளுக்கு அவர்களின் விவரங்கள் போவதால் அப்படி நடக்கிறது. உங்கள் நாட்டில் கடன் பதிவு பார்க்கும் வசதி இருந்தால் அவனுக்கும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அசலை அவனிடம் கொடுங்கள், நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு புகைப்படங்கள். வீடு மாறி மாறி வளர்ந்த பிள்ளைகளிடம் தங்கள் சின்ன வயதுப் படமே இருப்பதில்லை. இந்த ஆறு வருடத்துப் படங்கள் உங்கள் ஃபோனில் இருக்கும். அச்சுப் போட்டு ஒரு ஆல்பமாகக் கொடுங்கள், பின்னால் தேதியும் பெயர்களும் எழுதி. அதிகாரிகளிடம் இருக்கிற தன் கோப்பைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டால் தடுக்காதீர்கள். ஆனால் தனியாகப் படிக்க விடாதீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கட்டும். தான் ஏன் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டோம் என்பதை அலுவலக மொழியில் படிப்பது சாதாரண விஷயமில்லை.

சமையல், வங்கி எல்லாம் சொல்லிக்கொடுத்தால் காதில் வாங்குவதில்லை என்கிறீர்கள். எப்படி வாங்குவான்? ஒவ்வொரு பாடமும் ‘நீ போகப் போகிறாய்’ என்றுதானே அவனுக்குக் கேட்கும். முதலில் மேலே சொன்ன அந்த வாக்குகளைப் பற்றிய பேச்சு நடந்து முடியட்டும். அதற்குப் பிறகும் பாடமாக நடத்தாதீர்கள். வேலையைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். அடுத்த முறை பல் வலித்தால் மருத்துவரிடம் நேரம் வாங்க அவனே பேசட்டும், நீங்கள் கூட மட்டும் போங்கள். மாதத்தில் ஒரு வாரம் வீட்டுச் செலவை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். ஐந்தாம் நாளே காசு தீர்ந்தால் திட்ட வேண்டாம், உடனே நிரப்பிக் கொடுக்கவும் வேண்டாம். மீதி நாட்களை எப்படி ஓட்டுவது என்று சேர்ந்து யோசியுங்கள். உங்கள் கூரையின் கீழ் செய்கிற தவறுக்கு விலை குறைவு. இதே தவறைத் தனி வீட்டில் செய்தால் மின்சாரம் போகும், வாடகை பாக்கி விழும், வீட்டுக்காரர் வெளியே போகச் சொல்வார்.

பணத்தில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. இந்தப் பிள்ளைகளிடம் சேமிப்போ உதவித்தொகையோ மொத்தமாக வரும்போது, அது வருகிறது என்று தெரிந்தவர்களும் கூடவே வருகிறார்கள். நண்பன், காதலி, வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத உறவினர். யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத, எல்லோருக்கும் வேண்டியவனாக இருக்கத் துடிக்கிற பையனிடம் அந்தப் பணம் ஒரு மாதம்கூடத் தங்காது. தொகையைத் தவணையாகப் பெற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், எடுக்கச் சில நாள் அறிவிப்புத் தேவைப்படுகிற கணக்கில் அவன் சம்மதத்தோடு போட்டு வையுங்கள். “சித்தியைக் கேட்டுச் சொல்றேன்” என்று உங்கள் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க அவனுக்கு அனுமதி கொடுங்கள். ஜாமீன் கையெழுத்து எதற்கும் போடக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவனுடைய வாடகை வீட்டுக்கு நீங்கள் ஜாமீன் நிற்பீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பல இளைஞர்களுக்கு வாடகை கொடுக்கப் பணம் இருந்தும், கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் வீடு கிடைப்பதில்லை.

இனி அவனைப் பெற்ற அம்மா. இந்தப் பகுதியில்தான் உங்கள் கடிதத்தில் வார்த்தைகள் குறைந்து போயிருக்கின்றன, வலி தெரிகிறது. ஆறு வருடம் நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள், ஒரு ஃபோன் அழைப்பில் அவன் அங்கே சாய்கிறான். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அவனிடம் அதைக் காட்டாதீர்கள். பராமரிப்பிலிருந்து வெளியேறியவர்களில் கணிசமானவர்கள், சட்டம் பிரித்து வைத்த அதே குடும்பத்தைத் தேடித்தான் போகிறார்கள். நீங்கள் எதிர்த்தாலும் போவான், ஆதரித்தாலும் போவான். திரும்பி வரும்போது உங்கள் முகத்தில் விழிக்க முடியுமா என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. உயிரோடு இருக்கிற, ஆனால் கூட இல்லாத ஒருவரை இழந்த துயரத்துக்கு முடிவே தெரியாது என்று பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் விரிவாக எழுதியிருக்கிறார். செத்துப் போனவரை நினைத்து அழுது ஆறலாம். இருந்தும் இல்லாத அம்மாவை நினைத்து ஆறுவது கடினம். இந்தப் பையன் வருடக்கணக்காக அப்படி ஓர் அம்மாவை மனதில் கட்டி வைத்திருக்கிறான். நேரில் பார்த்தால்தான் அவர் யார் என்று தெரியும்.

அதனால் பதினெட்டு வரை காத்திருக்க விடாதீர்கள். சமூகப் பணியாளரிடம் பேசி, பாதுகாப்பான சூழல்தானா என்று பார்த்துக்கொண்டு, இந்த ஒன்பது மாதத்துக்குள்ளேயே சந்திப்புகள் தொடங்கட்டும். முதலில் ஓரிரண்டு மணி நேரம், பிறகு ஒரு நாள். எதற்காக அவன் எடுக்கப்பட்டான் என்பதை அந்தக் கோப்பு அறிந்த ஒருவர் எடை போட வேண்டும். வன்முறையோ துன்புறுத்தலோ காரணம் என்றால் நான் சொல்வது அப்படியே பொருந்தாது. சந்திப்பு நல்லபடியாக நடந்தால் அவனுக்கு இன்னொரு ஆள் கிடைக்கிறார், அதில் நமக்கு நஷ்டமில்லை. ஏமாற்றத்தில் முடிந்தால், அந்த ஏமாற்றத்தோடு அன்று இரவு அவன் வந்து படுப்பது உங்கள் வீட்டில். பதினெட்டு முடிந்து மூட்டையோடு போய் அங்கே ஏமாந்தால் எங்கே வந்து படுப்பான்? “அம்மாவைப் பாக்கப் போனா நீ எங்களை விட்டுட்டதா அர்த்தமில்ல” என்று நீங்களே அவனிடம் சொல்லுங்கள். அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும் அவனுக்கு.

அறை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவன் வெளியேறுவதற்கு முன் அடுத்த குழந்தைக்குச் சம்மதம் கொடுக்காதீர்கள். இன்னொரு குழந்தைக்கு வீடு தேவை என்பது உண்மை, அதிகாரிகள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் தன் கட்டிலுக்கு ஏற்கெனவே ஆள் பார்த்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்தால், மேலே சொன்ன எந்த வாக்கையும் அவன் நம்ப மாட்டான். அவன் போய்ச் சில மாதங்கள் கழித்து, அவனிடம் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். அப்போதும் ஒரு பெட்டியோ அலமாரியில் ஒரு தட்டோ அவன் பொருட்களுக்கென்று இருக்கட்டும். வந்தால் படுக்கக் கூடத்தில் ஒரு மெத்தை இருந்தாலே போதும்.

தனியாகப் போன பிறகு முதல் ஆறு மாதத்தில் மிகக் கடினமானது மாலை நேரம் என்று இளைஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பகலில் வேலை, ஆட்கள். ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் சத்தமே இல்லாத அறை. அந்த நேரத்தில்தான் தவறான கூட்டுச் சேர்கிறது, குடி தொடங்குகிறது, அல்லது படுத்த படுக்கையாக வேலையைவிட்டு நின்றுவிடுகிறார்கள். உங்கள் ஃபோன் அழைப்பை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவன் இப்போது மனநல ஆலோசனை ஏதாவது பெற்றுக்கொண்டிருந்தால், குழந்தைகளுக்கான சேவை பதினெட்டில் நின்றுவிடக் கூடும். பெரியவர்களுக்கான சேவைக்கு மாற்றும் கடிதத்தை நான்கைந்து மாதம் முன்பே கேட்டு வாங்குங்கள். வரிசை நீளமாக இருக்கும். பசி போய், தூக்கம் போய், “நான் இருந்தா என்ன, போனா என்ன” என்கிற மாதிரிப் பேச்சு எப்போது வந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் போவது உங்களுக்கும் பிரிவுதான். வளர்ப்புத் தாய் அழுதால் ‘இது தெரிந்துதானே எடுத்தீர்கள்’ என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். தெரிந்து எடுத்தாலும் வலிக்கும். இதே பாதையில் போன இன்னொரு வளர்ப்புக் குடும்பத்தோடு பேச முடிந்தால் பேசுங்கள். அவன் முன்னால் கொஞ்சம் கண் கலங்கினாலும் பரவாயில்லை. தன்னை அனுப்பும்போது ஒருவர் அழுவதை அவன் இதுவரை பார்த்தேயிருக்க மாட்டான்.

அடுத்து சமூகப் பணியாளரைச் சந்திக்கும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனைப் பற்றி அவன் இல்லாமல் பேசும் கடைசிக் கூட்டம் நடந்து முடிந்துவிட்டதாக இருக்கட்டும். அங்கே கேட்க வேண்டியவை: பதினெட்டுக்குப் பிறகும் எங்கள் வீட்டில் தொடர முடியுமா, அதற்கு உதவி உண்டா; வெளியே போய்விட்டுத் திரும்பி வர நேர்ந்தால் பராமரிப்புக்குள் மறுபடி சேர வழி உண்டா; படிப்புக்கும் மருத்துவத்துக்கும் எந்த வயது வரை ஆதரவு; இனி அவனுக்குப் பொறுப்பான ஆள் யார், அவர் மாறினால் யார் தெரிவிப்பார்கள். பதில்களைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். அவன் தங்கையை நீங்கள் ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். இதுவரை இருவரின் சந்திப்பையும் அதிகாரிகள் ஏற்பாடு செய்திருப்பார்கள். அவன் பட்டியலிலிருந்து வெளியே போனதும் அந்த ஏற்பாடு சத்தமில்லாமல் நின்றுவிடலாம். பதினெட்டு முடிந்த பிறகு மாதம் ஒருமுறை அவளை யார் அழைத்து வருவார்கள், எங்கே சந்திப்பார்கள், அந்தக் குடும்பத்தின் எண் அவனிடம் இருக்கிறதா என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்துவிடுங்கள். உங்கள் வீட்டில் சந்திக்கலாம் என்று நீங்கள் சொன்னால் வேலை பாதி முடிந்தது.